முத்துக்குளித்துறையின் முதல் அச்சும் எபிரேய ஏடுகளும்

இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதன்முதலாக அச்சேறிய மொழி தமிழ். அந்தப் பெருமைக்குப் பின்னணியில் இருப்பது, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு முதலான ஊர்களை உள்ளடக்கிய முத்துக்குளித்துறை. அந்த நூல்கள் இந்தக் கடலோர மக்களுக்காகவே எழுதப்பட்டன; அவர்கள் கொடுத்த பொருளுதவியும் அவற்றை அச்சிடத் துணைநின்றது. ஆனால், 16-ஆம் நூற்றாண்டில் அச்சான அந்த நூல்களுள் அறியப்பட்ட படிகளைக் காண விரும்புபவர் ஹார்வர்டுக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் வாத்திகனுக்கும்தான் செல்ல வேண்டும். அவை பிறந்த கரையில் அவை இல்லை.

இந்த இழப்பை நாம் இயல்பான ஒன்றாக ஏற்றுக்கொண்டுவிட்டோம். காலம், கரையான், உப்புக்காற்று என்று காரணங்களை அடுக்கிவிட்டுக் கடந்துபோகிறோம். ஆனால், நம்மைவிடக் கொடிய இழப்புகளைச் சந்தித்த ஒரு சமூகம் தன் ஏடுகளை எவ்வாறு மீட்டெடுத்தது என்பதை அறிந்தால், நம் காரணங்கள் வலுவிழந்துபோகும். அந்தச் சமூகம் யூதர்கள். அவர்களது எபிரேய ஏடுகளின் வரலாறும் முத்துக்குளித்துறையின் அச்சு வரலாறும் ஒரு மனிதரிடத்தில் சந்திக்கின்றன என்பது பலரும் அறியாத செய்தி.

தமிழ் அச்சின் தந்தை என்று போற்றப்படும் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் (தமிழர் நாவில் அண்டிரிக் அடிகளார்) ஏறத்தாழ 1520-இல் போர்ச்சுகல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தவர். அவரது குடும்பம் யூத வழிவந்தது. மதம் மாறிய யூதர்களையும் அவர்களது வழித்தோன்றல்களையும் அந்நாட்டில் 'புதிய கிறித்தவர்' என்று பிரித்தே வைத்திருந்தனர். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்த அவர், யூதப் பூர்வீகத்தின் காரணமாகவே அங்கிருந்து விலக்கப்பட்டார். பின்னர் 1545-இல் கோயிம்பிரா நகரில் சேசு சபையில் சேர்ந்தார்; அடுத்த ஆண்டே இந்தியா வந்தார்; 1547-இல் முத்துக்குளித்துறையில் பணி தொடங்கினார். இங்கும் அவரது பூர்வீகம் பற்றிய கேள்வி எழுந்து ரோமாபுரி வரை சென்றது.

அவர் பிறந்த நாட்டில் எபிரேய நூல்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிந்தால்தான் இந்தக் கதையின் முழுப்பொருளும் விளங்கும். போர்ச்சுகல் மண்ணில் அச்சானவற்றுள் இன்று நாம் அறிந்த முதல் நூல் போர்த்துக்கீசிய மொழியிலோ, இலத்தீன் மொழியிலோ அமைந்ததன்று; அது எபிரேய மொழியில் அமைந்தது. 1487-இல் ஃபாரோ நகரில் சாமுவேல் காக்கோன் என்பவர் மோசேயின் ஐந்து நூல்களை எபிரேயத்தில் அச்சிட்டார். 1489-இல் லிஸ்பன் நகரிலும் எபிரேய அச்சகம் நூல்களை வெளியிடத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1475-இல் இத்தாலியின் ரெஜியோ கலாப்ரியாவில் ராஷி என்னும் பேரறிஞரின் விவிலிய உரை அச்சாகியிருந்தது. ஆண்டு குறிப்பிட்டு அச்சான எபிரேய நூல்களுள் பழமையானவற்றில் ஒன்றாக அது கருதப்படுகிறது.

இந்த மலர்ச்சி பத்தாண்டுகள்கூட நீடிக்கவில்லை. 1496 டிசம்பரில் போர்ச்சுகல் மன்னர் மனுவேல், யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். 1497-இல் அது கட்டாய மதமாற்றமாக மாறியது. எபிரேய நூல்கள் பறிமுதல் செய்யப்பட்டன. அக்காலத்தில் லிஸ்பனை நெருங்கிக்கொண்டிருந்த ஆபிரகாம் சபா என்னும் அறிஞர், எபிரேய நூல் வைத்திருப்போருக்கு மரண தண்டனை என்று கேள்வியுற்று, தாம் எழுதிய உரைகளை ஓர் ஒலிவ மரத்தின் அடியில் புதைத்துவிட்டுச் சென்றார். அவற்றை அவர் மீண்டும் காணவே இல்லை. வட ஆப்பிரிக்காவின் ஃபெஸ் நகரில் அடைக்கலம் புகுந்து, நினைவிலிருந்தே தம் உரையைத் திரும்பவும் எழுதினார். அந்த நூல் 1522-இல் வெனிஸ் நகரில் அச்சேறியது.

போர்ச்சுகலில் 1536-இல் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. 1553-இல் ரோமாபுரியின் சதுக்கத்தில் தல்மூத் நூல்கள் குவித்து எரிக்கப்பட்டன. ஹென்ரிக்கஸ் முத்துக்குளித்துறையில் தமிழ் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. 1560-இல் அந்த விசாரணை மன்றம் கோவாவிலும் அமைந்தது. இந்திய மூலிகைகள் பற்றி 1563-இல் கோவாவில் நூல் அச்சிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவும் யூத வழிவந்தவரே. அவரது சகோதரி 1569-இல் எரித்துக் கொல்லப்பட்டார். 1568-இல் மறைந்த ஓர்த்தாவின் எலும்புகளையே 1580-இல் தோண்டியெடுத்து எரித்தனர். அதே 1580-இல்தான் ஹென்ரிக்கஸின் மூன்றாவது தமிழ் நூல் அச்சானது.

முன்னோரின் மொழியையும் நூல்களையும் இழந்த குடும்பத்தில் பிறந்த ஒருவர், இன்னொரு மக்களின் மொழிக்கு அச்சு எழுத்தைத் தந்தார் என்பது வரலாற்றின் விந்தை. அவர் மனத்தில் அந்த இழப்பு எவ்வாறு இருந்தது என்று ஊகிப்பது நம் வேலையன்று. அவர் செய்த பணி கண்முன் நிற்கிறது. தமிழில் பேசவும் எழுதவும் தேர்ந்தார். பிற குருக்களும் கற்கும் வகையில் போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்று எழுதினார். அதன் கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு இந்தக் கடலோரத்திலேயே வாழ்ந்து 1600-இல் மறைந்தார். அவரது உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

தமிழ் அச்சின் கதை இக்கரையில் தொடங்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1554-இல் லிஸ்பன் நகரில் தமிழ் மறைக்கல்வி நூல் ஒன்று உரோமன் எழுத்துகளில் அச்சானது. அதை உருவாக்கியவர்கள் அங்கே வாழ்ந்த தமிழர் மூவர். தமிழ் எழுத்துகளிலேயே அச்சிட, மேலும் 24 ஆண்டுகள் பிடித்தன. 1577-இல் கோவாவிலும் 1578-இல் கொல்லத்திலும் தமிழ் அச்செழுத்துகள் வார்க்கப்பட்டன. 1578 அக்டோபர் 20 அன்று 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது. அது 16 பக்கங்களே கொண்ட சிறு நூல். 1579-இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்', 1580-இல் பாவசங்கீர்த்தன விளக்க நூல், 1586-இல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட 'அடியார் வரலாறு' ஆகியன தொடர்ந்தன. கடைசி நூல் புன்னைக்காயலில் அச்சானதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது.

பொருளியல் நோக்கில் இம்முயற்சியின் துணிச்சலை எண்ணிப் பார்க்கலாம். எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள். சொல்லின் ஈற்றில் வடிவம் மாறுபவை ஐந்து. தமிழிலோ உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எனக் கூட்டினால் 247. கொம்பும் காலும் தனித்தனி அச்சுகளாக அமைவதால் அத்தனையும் வார்க்க வேண்டியதில்லை; எனினும் எபிரேயத்தைவிடப் பன்மடங்கு அச்சுகள் தேவை. ஏட்டுச்சுவடி மரபையொட்டி மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இடாமல்தான் அந்நூல்கள் வந்தன. ஒரு பக்கம் அச்சிடுவதற்கு முன்பே பெருந்தொகையை முடக்க வேண்டிய தொழில் அச்சு. படிக்கத் தெரிந்தவர் சிலரே இருந்த காலத்தில் அந்த முதலீட்டைத் தாங்கியது, முத்தெடுத்தோர் கொடுத்த கொடையும் சபையின் ஆதரவும்தான்.

அவ்வளவு செலவிட்டு உருவான நூல்கள் ஏன் நிலைக்கவில்லை? தட்பவெப்பம் ஒரு காரணம் மட்டுமே. 1658-இல் தூத்துக்குடியும் 1663-இல் கொச்சியும் டச்சுக்காரர் வசமாயின. சேசு சபையினர் வெளியேற்றப்பட்டனர். நூலைப் பேணுவதைக் கடமையாகக் கொண்டிருந்த நிறுவனம் கலைந்தது. முத்துவளம் குன்றக் குன்ற, ஆதரித்த கைகளும் தளர்ந்தன. ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட ஒன்றிரண்டு படிகள் அங்கே தப்பிப் பிழைத்தன. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருப்பது அழிந்தால் முற்றிலும் அழிகிறது. பல இடங்களில் இருப்பது ஓரிடத்திலாவது மிஞ்சுகிறது. முதலீட்டைப் பிரித்து வைக்கச் சொல்லும் பொருளியல் விதி புத்தகத்துக்கும் பொருந்தும்.

இங்குதான் எபிரேய ஏடுகள் நமக்குப் பாடமாகின்றன. யூத மரபில், இறைவன் பெயர் எழுதப்பட்ட தாளை எறியவோ எரிக்கவோ கூடாது. பயன்படாத ஏடுகளைத் தொழுகைக்கூடத்தின் ஓர் அறையில் இட்டு வைப்பர். அதற்கு 'கெனிசா' என்று பெயர். எகிப்தின் பழைய கெய்ரோவில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் கெனிசாவில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுத் தாள்கள் குவிந்து கிடந்தன. சமய நூல் மட்டுமன்றி, எபிரேய எழுத்தில் எழுதிய வணிகக் கடிதம், கணக்கு, திருமண ஒப்பந்தம் ஆகியவையும் அங்கே சேர்ந்தன. 1896-97-இல் சாலமன் ஷெக்டர் அவற்றின் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றார். அங்கு மட்டும் ஏறத்தாழ 1,90,000 துணுக்குகள் உள்ளன.

அந்தத் தாள்கள் நம் வரலாற்றையும் பேசுகின்றன. 12-ஆம் நூற்றாண்டில் துனீசியாவிலிருந்து வந்து மங்களூரில் வாழ்ந்து வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜூ என்னும் வணிகரின் கடிதங்கள் அவற்றில் உள்ளன. யூதப் பேரறிஞர் மைமோனிதிஸின் தம்பி தாவீது, இந்தியா நோக்கிக் கடற்பயணம் புறப்படும் முன் அண்ணனுக்கு எழுதிய கடிதமும் உள்ளது. அவர் இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். எஸ்.டி. கோய்ட்டைன் என்னும் ஆய்வாளர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு இக்கடிதங்களிலிருந்து இந்திய வணிக வரலாற்றை மீட்டெடுத்தார். அரசர்களின் கல்வெட்டுகள் சொல்லாத கூலி, விலை, கடன், நட்பு, பிரிவு ஆகியவற்றை அந்தக் கசங்கிய தாள்கள் சொல்கின்றன.

நம்மிடையே நிலவிய வழக்கமோ வேறு. பழைய சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கத்தையும், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடிகள் நெருப்பில் இடப்பட்டதாகக் கேள்விப்பட்டதையும் உ.வே. சாமிநாதையர் வேதனையுடன் பதிவு செய்திருக்கிறார். இரண்டு வழக்கங்களும் ஏட்டின்மீது கொண்ட பக்தியில் பிறந்தவையே. ஒரு பக்தி ஏட்டைச் சேர்த்து வைத்தது. மற்றொரு பக்தி அதைக் கரைத்துவிட்டது. நூலைப் போற்றுவது வேறு, காப்பது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

எபிரேய எழுத்தும் தமிழ் நிலமும் சந்தித்த வேறு தடயங்களும் உண்டு. கொல்லத்தில் கி.பி. 849-இல் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அதில் சாட்சிக் கையொப்பம் இட்டவர்களுள் சிலர் எபிரேய எழுத்திலேயே தம் பெயரைப் பொறித்துள்ளனர். தமிழ் முதன்முதலாக அச்சேறிய அதே கொல்லத்தில், அதற்கு 700 ஆண்டுகளுக்கு முன்பே எபிரேய எழுத்து செம்பில் ஏறியிருந்தது. யூத வணிகர் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவி ஏறத்தாழ கி.பி. 1000-இல் வழங்கிய செப்பேடும் வட்டெழுத்தில் அமைந்ததே. நெல்லைச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், எபிரேய விவிலியத்தில் மயிலைக் குறிக்கும் 'துகி' என்னும் சொல் தமிழின் 'தோகை'யே என்று எடுத்துக்காட்டினார்.

கொச்சி யூதர்களின் ஏடுகளும் இடுக்கண் கண்டவையே. 1662-இல் டச்சுக்காரருக்குத் துணைநின்றார்கள் என்று போர்த்துக்கீசியர் அவர்களது தொழுகைக்கூடத்தைச் சூறையாடினர்; ஏடுகளும் அழிந்தன. பின்னர் ஆம்ஸ்டர்டாம் நகர யூதர்களோடு தொடர்பு ஏற்பட்டது. 1686-இல் அங்கிருந்து வந்த குழு ஒன்று கொச்சி யூதர்களைக் கண்டு சென்று, மறு ஆண்டே அவர்களைப் பற்றி நூல் வெளியிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் கொச்சி வழக்கப்படியான வழிபாட்டு நூல்கள் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகின. அழிந்த ஏட்டைப் பற்றிப் புலம்பிக்கொண்டிராமல், அச்சகம் இருந்த இடத்தில் அச்சிட்டுக்கொண்டனர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளாடியஸ் புக்கானன் என்னும் பாதிரியார் கொச்சியிலிருந்து திரட்டிய எபிரேயச் சுவடிகள் கேம்பிரிட்ஜில் உள்ளன. சிவப்புச் சாயமேற்றிய ஆட்டுத்தோலில் எழுதிய, ஏறத்தாழ 48 அடி நீளமுள்ள தோராச் சுருளும் அவற்றுள் ஒன்று.

இவ்வாறு உலகெங்கும் சிதறிய எபிரேயச் சுவடிகளை என்ன செய்வது என்ற கேள்வி 20-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. மூலங்களைத் திருப்பிக் கேட்பதெனில் முடிவில்லாத வழக்குகள்தான் மிஞ்சும். எனவே, இஸ்ரேல் வேறு வழியைத் தேர்ந்தது. 1950-இல் எபிரேயச் சுவடிகளை நுண்படம் எடுப்பதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. உலகின் நூலகங்களிலும் தனியாரிடத்திலும் உள்ள சுவடிகளின் படங்களை அது ஓரிடத்தில் திரட்டியது. இன்று அப்படங்கள் எண்ம வடிவில் இணையத்தில் கிடைக்கின்றன. மூலம் எங்கிருந்தாலும், படி தாயகத்தில் இருக்கிறது, யாரும் படிக்கலாம்.

தமிழிலும் இவ்வழியில் முன்னோடிகள் உண்டு. 1950-களில் ஐரோப்பிய நூலகங்களில் தேடியலைந்து முத்துக்குளித்துறையின் அச்சு நூல்களைத் தமிழுலகுக்கு அறிமுகப்படுத்தியவர் தனிநாயகம் அடிகள். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை வாத்திகன் படியிலிருந்து 1966-இல் அவர் மறுபதிப்பாக வெளியிட்டார். இராசமாணிக்கம் அடிகளார் 1967-இல் 'அடியார் வரலாறு' நூலைத் தூத்துக்குடியிலிருந்தே மீண்டும் பதிப்பித்தார். இவர்கள் தனிமனிதர்களாகச் செய்ததை ஒரு நிறுவனம் தொடர்ந்து செய்திருந்தால் இன்று நிலைமையே வேறாக இருந்திருக்கும்.

செய்ய வேண்டியவை மலைக்கத்தக்கவையல்ல. முதலாவதாக, 16, 17-ஆம் நூற்றாண்டுகளின் தமிழ் அச்சு நூல்கள் அனைத்துக்கும் தரமான எண்மப் படிகளை அந்தந்த நூலகங்களிலிருந்து பெற்று, ஒரே இடத்தில் அனைவரும் காணும்படி வைக்க வேண்டும். இவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. இரண்டாவதாக, அப்படிகளுக்கான நிலையான காட்சிக்கூடமும் படிப்பகமும் தூத்துக்குடியில் அமைய வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் 'தம்பிரான் வணக்க'த்தின் பக்கத்தைத் தங்கள் ஊரிலேயே காண வேண்டும்.

மூன்றாவது பணியே அவசரமானது. இக்கடலோரத்தின் ஆலயங்களில் உள்ள ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள், வணிகக் குடும்பங்களின் கணக்கேடுகள், காயல்பட்டினத்தில் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்ச் சுவடிகள், கோயில்களிலும் வீடுகளிலும் கிடக்கும் ஓலைகள் ஆகியவற்றை ஊர் ஊராகக் கணக்கெடுத்துப் படமெடுக்க வேண்டும். உரியவரிடமிருந்து ஓர் ஏட்டையும் பெயர்க்க வேண்டியதில்லை. படம் மட்டும் போதும். கெனிசாவில் கிடந்த வணிகக் கடிதத்தை எழுதியவர், அது வரலாறாகும் என்று நினைத்திருக்கமாட்டார். நம் வீட்டுப் பரணில் உள்ள கணக்கேடும் அத்தகையதே.

இதற்கான செலவைப் பற்றிப் பேசுவோர் ஒன்றை எண்ண வேண்டும். ஒரு சுவடியின் படத்தை ஆயிரம் பேர் பார்ப்பதால் அது தேய்வதில்லை. ஆயிரத்தொன்றாவது நபருக்குத் தனிச் செலவும் இல்லை. பொருளியலில் இதைப் 'பொதுப்பண்டம்' என்போம். இத்தகைய பண்டத்தைச் சந்தை தானாக உருவாக்காது. அரசும் பல்கலைக்கழகங்களும் ஊர் மக்களும் சேர்ந்துதான் உருவாக்க வேண்டும். நானூறு ஆண்டுகளுக்கு முன் முத்தெடுத்த மக்கள் தம் உழைப்பின் ஒரு பகுதியை அச்சுக்கு ஈந்ததும் இதே அறிவினால்தான்.

தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. அந்த முத்துகள் எந்தெந்த நாட்டு அணிகலன்களில் உள்ளன என்று யாராலும் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. ஆனால், அந்த முத்தின் விலையில் அச்சான நூல்கள் எந்த ஊரில், எந்த நூலகத்தில் இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் அவற்றின் படியைக்கூட ஊருக்குக் கொண்டுவராதிருப்பதற்கு இனிக் காலத்தையும் கரையானையும் காரணம் காட்ட முடியாது.